இலங்கையின் உயர்ந்த மலைகளில் நடக்க வருகிறவர்களுக்கு

ஜனவரி கடைசியில் ஒரு வாரம் இலங்கை வரப்போகிற கோயம்புத்தூர் நண்பர்கள் நால்வர் கேட்டிருக்கிறார்கள்: "வெள்ளியங்கிரி, பருவதமலை எல்லாம் ஏறியிருக்கிறோம். இலங்கையின் உயரமான முதல் மூன்று மலைகளையும் இந்தப் பயணத்தில் ஏறி முடிக்க ஆசை. முடியுமா? எதை முதலில் ஏறலாம்?"

நான் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இந்த மலைகளில் இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறேன். வெளியூர் நண்பர்கள் வந்தால் கூட்டிப் போவதும் உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில், உயர வரிசையை வைத்துத் திட்டம் போடாதீர்கள். முதலாவது மலையான பிதுருதலாகலயில் உங்களை நடக்கவே விடமாட்டார்கள். மூன்றாவது மலை ஒரு மணி நேர ஏற்றம். இரண்டாவதுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். உங்கள் கணக்கில் இல்லாத ஐந்தாவது மலைதான் நான்கில் பெரிய ஏற்றம். அது சிவனொளிபாதமலை.

காரணம் எளிது. மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். நம் கால் கடலிலிருந்து புறப்படுவதில்லை. இரண்டாவது மலையான கிரிகல்பொத்தவும் மூன்றாவதான தொட்டுபொல கந்தவும் ஹோர்டன் சமவெளிக்குள் இருக்கின்றன. அந்தச் சமவெளியே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது. வேன் உங்களை அங்கே இறக்கிவிட்டால், மீதமிருக்கும் ஏற்றம் இருநூறு முந்நூறு மீட்டர்தான். சிவனொளிபாதமலை 2,243 மீட்டர்; பட்டியலில் கீழே. ஆனால் அடிவார ஊரான நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலிருந்து உச்சிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும், அதுவும் படிப்படியாக, இருட்டில். எண்ணை மட்டும் பார்த்து வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் கணக்குத் தவறுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தொட்டபெட்டா 2,637 மீட்டர். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த புள்ளியைவிட நூறு மீட்டருக்கு மேல் உயரம். அதனால் உயரம் தேடி இங்கே வர வேண்டாம். இந்த மலைகளுக்கு வருவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிதுருதலாகல, 2,524 மீட்டர். நுவரெலியா நகரத்தின் தலைக்கு மேலே காடு போர்த்திக்கொண்டு நிற்கிற மலை. வெள்ளைக்காரர்கள் மவுண்ட் பெட்ரோ என்று சுருக்கிக்கொண்டார்கள். 1982இல் ரூபவாகினி தொலைக்காட்சி வந்தபோது ஒளிபரப்புக் கோபுரம் வைக்க நாட்டின் உச்சியான இந்த இடம்தான் பொருத்தமாக இருந்தது. போர்க் காலத்தில் கோபுரங்களைக் காக்க இராணுவம் வந்தது. மலை உயர் பாதுகாப்பு வலயமாகி நீண்ட காலம் பொதுமக்கள் போகவே முடியாமல் இருந்தது. இப்போது உச்சி வரை தார் ரோட்டில் வாகனத்தில் போகலாம். சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும். நடந்து ஏற அனுமதி இல்லை. மேலே கோபுரங்களையும் இராணுவ முகாமையும் படம் எடுக்கக்கூடாது. இந்த விதிகள் அவ்வப்போது மாறும். ஆட்டோவை விடுவார்களா, வேன்தான் வேண்டுமா என்பதை நுவரெலியாவில் தங்கும் இடத்தில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

போக வேண்டுமா என்று கேட்டால், நாட்டின் உச்சியில் நின்றோம் என்ற மனநிறைவுக்காக ஒருமுறை போகலாம். மேகம் இல்லாத காலையில் நுவரெலியா ஏரியும் நகரமும் காலடியில் தெரியும். நடக்க ஆசைப்பட்டால் மலையின் அடிவாரத்தில் தேயிலைக்கு நடுவே லவர்ஸ் லீப் என்ற அருவி வரைக்கும் ஒரு நடை இருக்கிறது. அந்தத் தண்ணீர் இந்தக் காட்டிலிருந்துதான் இறங்குகிறது. மாலையில் தனியாக அந்தக் காட்டோரம் சுற்ற வேண்டாம். சிறுத்தை நடமாடும் இடம்.

அடுத்து தொட்டுபொல கந்த, 2,357 மீட்டர். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஹோர்டன் சமவெளிக்குள் நுழைந்ததும், பூங்காவின் மையக் கட்டடம் வருவதற்கு முன்பே ரோட்டோரத்தில் பாதை தொடங்கும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். இராவணன் தன் விமானத்தை இறக்கிய துறை இது என்று சிங்களக் கிராமங்களில் ஒரு கதை இருக்கிறது. பாதி வழிக்கு மேல் மரங்கள் குட்டையாகிக் கடைசியில் இடுப்பளவுப் புதராகிவிடும். காற்று அவற்றை அப்படி வைத்திருக்கிறது. கிரிகல்பொத்தவுக்கு முந்தின நாள், கால் பழகுவதற்காக இதை ஏறுங்கள். ஏறி இறங்க அதிக நேரம் பிடிக்காது.

இனி கிரிகல்பொத்த. நீங்கள் உண்மையில் நடக்க வருகிற மலை இதுதான். 2,388 மீட்டர் என்றும் 2,395 மீட்டர் என்றும் இரண்டு எண்கள் புழங்குகின்றன. எதை எடுத்தாலும் நாட்டில் காலால் நடந்து அடையக்கூடிய மிக உயர்ந்த உச்சி இதுவே. ஃபார் இன் என்று இன்னும் பழைய பெயரிலேயே அழைக்கப்படுகிற மையக் கட்டடத்தின் அருகிலிருந்து பாதை கிளம்புகிறது. போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. ஏற்றம் குறைவு என்று சொன்னேனே, அதை நம்பி இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழி நேராக ஏறாது. ஏறும், இறங்கும், சேற்றில் கால் புதையும், மறுபடி ஏறும். நன்றாக நடக்கிறவர்களுக்கே போய்வர ஆறேழு மணி நேரம் பிடிக்கும்.

முதல் பகுதி புல்வெளி. விடியற்காலையில் ஜனவரி மாதம் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். இலங்கையில் உறைபனியா என்று கேட்பவர்களை அங்கேதான் கூட்டிப் போவேன். மரைகள் கூட்டமாக நிற்கும். நீங்கள் கடமான் என்பீர்கள். நாங்கள் மரை என்போம். சின்ன ஓடைகளைத் தாண்டிப் போகும்போது குனிந்து பாருங்கள், அப்படி ஒரு தெளிவு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் தலைநீர் இந்தச் சமவெளியிலிருந்து போகிறது. எங்கள் தோட்டக் குழாயில் வந்த தண்ணீரும், அனுராதபுரத்து வயலுக்கு வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரும் இந்த மேட்டுநிலத்தோடு தொடர்புள்ளவை என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மனதில் பதியவில்லை. அந்த ஓடையில் கை நனைத்தபோதுதான் பதிந்தது.

இந்தப் புல்வெளிப் பகுதியில்தான் வழி தவறும். மரைகள் நடந்து போட்ட தடமும் மனிதர் நடந்த தடமும் ஒரே மாதிரி இருக்கும். முதல் தடவை நான் போனபோது ஒன்பது மணிக்கு மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிரிவில் தப்பான தடத்தைப் பிடித்து அரை மணி நேரம் நடந்து ஒரு சதுப்பில் போய் நின்றோம். நல்ல வேளையாகக் கூட வந்த பெரியவர், "இனி ஒரு அடி எடுத்து வைக்காதே, மேகம் விலகட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து விலகியபோது நாங்கள் வந்த பாதை இடது கைப்பக்கம் முந்நூறு அடி தள்ளி இருந்தது. அன்று உச்சிக்குப் போகாமல் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு கைப்பேசியில் இணையம் இல்லாமலே வேலை செய்கிற வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளாமல் நான் போவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். நுழைவாயிலில் கிரிகல்பொத்த போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

புல்வெளி முடிந்து காட்டுக்குள் நுழைந்தால் வேறு உலகம். மேகக்காடு என்கிறார்கள். மரங்கள் உயரமாக வளர்வதில்லை. முறுக்கிக்கொண்டு, மேலே குடை பிடித்தது போல் பரந்து நிற்கும். சிங்களத்தில் கீன என்று சொல்கிற மரம் அதிகம். கிளையெல்லாம் பாசி, தாடி போல் தொங்குகிற கற்பாசி. மழையே பெய்யாத நாளிலும் அந்தப் பாசி மேகத்திலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஓடை வற்றாததற்கு இதுவும் ஒரு காரணம். நீலகிரியின் சோலைக்காட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சொந்த வீட்டுக்கு வந்தது போல் இருக்கும். அங்கே சிவப்பாகப் பூக்கிற ரோடோடென்ரன் இங்கேயும் உண்டு. ஒரே இனத்தின் இரண்டு கிளைகள். மூங்கில் புதருக்கு நடுவே நெலு என்று ஒரு செடி அடர்ந்திருக்கும். உங்கள் குறிஞ்சிக்கு நெருங்கிய சொந்தம். அதில் சில வகைகள் குறிஞ்சியைப் போலவே பல வருடம் காத்திருந்து ஒன்றாகப் பூத்து ஒன்றாக மடியும்.

மெதுவாக நடந்தால்தான் தெரிகிற ஒரு உயிரையும் சொல்ல வேண்டும். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு முளைத்த ஓணான். இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பாசி படிந்த தண்டில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் பார்க்கிறவர் எப்போதும் கூட்டத்தில் கடைசியாக நடக்கிறவர்தான்.

கடைசிப் பகுதி செங்குத்து. வேரைப் பிடித்து, பாறையில் கை ஊன்றி ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் அந்தப் பாறை வழுக்கும். அங்கே அவசரம் கூடாது. உச்சி பெரிய இடமில்லை. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே சிவனொளிபாதமலை கூம்பாக, தனியாக நிற்பது தெரியும். அதைப் பார்த்ததும் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அதுதான் உயரமாகத் தெரிகிறதே?" அப்படித்தான் பழங்காலத்தில் கடலில் வந்த மாலுமிகளும் நினைத்தார்கள். பக்கத்தில் ஈடான மலை இல்லாமல் தாழ்நிலத்துக்கு மேலே அது ஒற்றையாக எழுந்து நிற்கிறது. இங்கே மேட்டுநிலத்தின் மேல் ஒரு மேடாக இருக்கிற கிரிகல்பொத்தவைத் தூரத்திலிருந்து யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்த மேட்டுநிலம் தேயிலையாகாமல் தப்பியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காட்டை வெட்டிக்கொண்டே மேலே வந்தார்கள். அப்புறம் தேயிலை, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியது. காட்டை வெட்டியவர்களும் நட்டவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மார். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். நான் நடக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் அந்த நடை என் நினைவுக்கு வரும். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள், தண்ணீர் போய்விடும் என்று அரசுக்கு எடுத்துச் சொன்னார். அந்த ஆலோசனைதான் இந்தக் காட்டைக் காப்பாற்றியது. ஹோர்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டோடும் சேர்த்து மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது.

அதனால் நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிப்பார்கள். கோபப்படாதீர்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் குளிரில் கெடாது. மரைக்கு எதையும் கொடுக்காதீர்கள். படம் எடுப்பதற்காக ஆட்கள் பிஸ்கட் நீட்டி நீட்டி, கட்டடத்துக்குப் பக்கத்தில் காட்டு மிருகம் பிச்சைக்கு நிற்பதைப் பார்க்க எனக்கு மனது தாங்காது. புகைப்பவர்கள் அங்கே புகைக்கவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை புல் காய்ந்திருக்கும், ஒரு பொறி போதும்.

ஹோர்டன் சமவெளிக்குப் போகிற எல்லோரும் பார்க்கிற உலக முடிவு என்ற செங்குத்தான மலை விளிம்பும் பேக்கர் அருவியும் ஒன்பது கிலோமீட்டர் சுற்று. தொட்டுபொல ஏறுகிற அன்றே இதையும் முடிக்கலாம். ஆனால் உலக முடிவுக்கு எட்டரைக்குள் போய்விடுங்கள். அப்புறம் கீழிருந்து மேகம் ஏறி வெள்ளைச் சுவர்தான் மிஞ்சும். அதாவது முதலில் உலக முடிவு, பிறகு தொட்டுபொல. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் எங்களுக்கு உள்ளதைவிடப் பல மடங்கு. இரண்டு நாள் போவதானால் இரண்டு முறை கட்ட வேண்டும், அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், அதனால் நாலேமுக்கால் மணிக்கு வேன் கிளம்ப வேண்டும்.

இப்போது சிவனொளிபாதமலை. உங்கள் கேள்வியில் இது இல்லை. ஆனால் இதை ஏறாமல் திரும்பினால், இலங்கையில் மலை ஏறினோம் என்று சொல்வதை எங்கள் ஊர்ப் பாட்டிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உச்சியில் ஒரு பாறையில் பெரிய பாதச்சுவடு. சிவனுடையது என்பது நம்மவர் நம்பிக்கை, புத்தருடையது என்பது சிங்களவர் நம்பிக்கை, ஆதாம் பாதம் என்பார்கள் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். நான்கு பேரும் ஒரே படியில் ஏறுகிறார்கள். டிசம்பரின் உந்துவப் போயா தினத்தில் பருவம் தொடங்கி மே மாத வெசாக் வரை நடக்கும். போயா என்பது பௌர்ணமி விடுமுறை. பருவ காலத்தில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை விளக்கு எரியும், வழியெல்லாம் தேத்தண்ணிக் கடை. பருவம் முடிந்தால் விளக்கும் கடையும் இல்லை. தென்மேற்குப் பருவமழையும் காற்றும் பிடித்துக்கொள்ளும். ஜனவரி கடைசியில் வருவது அதனால் மிக நல்ல யோசனை.

1344இல் இப்னு பதூதா இந்த மலைக்கு வந்திருக்கிறார். புத்தளம் கரையில் இறங்கி, அங்கிருந்த யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாதம் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டார். அரசர் பல்லக்குக் கொடுத்தார். வருடா வருடம் அந்த மலைக்குப் போய்வருகிற யோகிகள் நான்கு பேரைத் துணைக்கு அனுப்பினார். அறுநூற்று எண்பது வருடத்துக்கு முன்பே தமிழ் அரசரின் நாட்டிலிருந்து யோகிகள் ஆண்டுதோறும் ஏறிய மலை என்பதற்கு அந்தக் குறிப்பு சாட்சி. பாறையில் கட்டியிருந்த சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை எழுதியிருக்கிறார். அட்டையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: மரத்திலும் புல்லிலும் இருந்து ஆள்மேல் தாவுமாம், மக்கள் எலுமிச்சம்பழம் கையில் வைத்திருந்து அதன்மேல் பிழிவார்களாம். நாங்கள் இன்றும் அதையேதான் செய்கிறோம். எங்கள் பேச்சில் அது தேசிக்காய். பாதி வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜனவரியில் அட்டை குறைவு, ஆனால் முதல் நாள் மழை பெய்திருந்தால் வந்துவிடும். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள். தேசிக்காய்ச் சாறு பட்டால் தானே விழும்.

ஏற மூன்று நான்கு வழிகள் உண்டு. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக ஏறுவது பழைய வழி. குருவிட்ட, எரத்ன வழி நீளமும் கடினமும். முதல் முறைக்கு ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியே போதும். சுமார் 5,500 படி என்பார்கள். நான் எண்ணத் தொடங்கி ஒருமுறையும் முடித்ததில்லை.

நேரக் கணக்கு முக்கியம். ஜனவரி கடைசியில் சூரியன் ஆறரைக்குச் சற்று முன் எழும். வெள்ளியங்கிரி ஏறிய கால்களுக்கு மூன்று மணி நேரம் போதும். இரவு பதினோரு மணிக்கே கிளம்பி இரண்டு மணிக்கு உச்சிக்குப் போய் உட்கார்ந்தால், வியர்த்த உடம்பில் அந்தக் காற்று அறைகிற அறையில் நடுங்கிப் போவீர்கள். இரண்டு மணிக்குக் கிளம்புங்கள். உச்சிக்குக் கீழே கடைசிக் கடையில் தேத்தண்ணி குடித்து, ஈரச் சட்டையை மாற்றி, மேலே ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஏறுங்கள். வார நாளாகப் பாருங்கள். சனி ஞாயிறும் போயா தினமும் கடைசிப் படிகளில் கூட்டம் நகரவே நகராது. மணிக்கணக்கில் நின்று, வழியிலேயே விடிந்துவிடும்.

உங்களை முந்திக்கொண்டு போகிறவர்கள் யார் என்று அந்த வழியில் பாருங்கள். எழுபது வயதுப் பாட்டி வெறுங்காலோடு பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். தோட்டத்திலிருந்து லொறி பிடித்து வந்த முழு லயமும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற எல்லோரும், பாட்டோடு ஏறும். என் அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர், முட்டி தேய்ந்தவர். ஐம்பத்தெட்டு வயதில் என்னோடு ஏறினார். அவருக்கு நான் கை கொடுத்ததாக நினைத்தேன். இரண்டாயிரம் படி தாண்டியதும் எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை. அரைக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய கால்கள் அவை.

உச்சியில் ஒரு மணி தொங்கும். எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். நீங்கள் ஒரு தடவை அடிப்பீர்கள். பக்கத்தில் நிற்கிற பெரியவர் முப்பது, நாற்பது என்று அடித்துக்கொண்டே போவார். எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள்.

எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேற்குப் பக்கம் போய்விடுங்கள். மலையின் நிழல் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டின் மேலும் மூடுபனியின் மேலும் விழும். ஒரு துல்லியமான முக்கோணம். மலை கூம்பாக இருப்பதால் மட்டும் அப்படித் தெரிவதில்லை. நீண்டு போகிற நிழலின் இரண்டு ஓரங்களும், தண்டவாளங்கள் தூரத்தில் சேர்வது போல் கண்ணுக்கு ஒரு முனையில் சேர்கின்றன. சில நிமிடங்களில் நிழல் நம்மை நோக்கிச் சுருங்கி வந்துவிடும். அதே வெளிச்சத்தில் கீழே மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் பளபளக்கும். பழைய மஸ்கெலியா ஊர் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும்.

மற்ற மலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலவாக்கலைப் பக்கத்து கிரேட் வெஸ்டர்ன், 2,200 மீட்டருக்குச் சற்று மேல். ரயில் நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது. தேயிலை வழியே ஏறிக் காட்டுக்குள் போகும் செங்குத்தான பாதை. ஊரார் ஒருவர் இல்லாமல் போக வேண்டாம். தோட்டத்துக்குள் நடக்கும்போது எதிரே வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை தமிழில் பேசுங்கள், அப்புறம் வழிக்குக் கவலையில்லை. பதுளைப் பக்கத்து நமுனுகுலை 2,036 மீட்டர். ஒன்பது உச்சி என்பது பெயரின் பொருள். ஊவாப் பகுதியில் ஜனவரி வரை வடகிழக்கு மழை தங்கும், அதனால் அதை ஜூலை, ஆகஸ்டில் வைத்துக்கொள்ளலாம். நக்கிள்ஸ் தொடரில் மிக உயரம் கொம்பனியா, 1,906 மீட்டர். தொடருக்கே தனியாக நான்கு நாள் வேண்டும், வழிகாட்டியும் வேண்டும். இந்தப் பயணத்தில் திணிக்காதீர்கள்.

உங்கள் ஏழு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் கொழும்பிலிருந்து ரயிலில் நானுஓயா, அங்கிருந்து நுவரெலியா. ரயில் இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மழையால் மண் சரிந்து ரயில் நின்றிருந்தால் பஸ் இருக்கிறது. இரண்டாம் நாள் காலை வாகனத்தில் பிதுருதலாகல, இறங்கியதும் லவர்ஸ் லீப். மூன்றாம் நாள் உலக முடிவும் தொட்டுபொலவும். நான்காம் நாள் கிரிகல்பொத்த. ஐந்தாம் நாள் ஒன்றும் வேண்டாம். மெதுவாக ஹட்டன் வந்து, நல்லதண்ணியில் அறை எடுத்து மாலை ஏழு மணிக்கே தூங்குங்கள். அன்று நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் படி. வானிலை கெட்டால் ஏழாம் நாளை வைத்து ஒரு நாள் தள்ளிக்கொள்ள இடம் இருக்கும்.

உடைக்கு: மெல்லிய சட்டை இரண்டு, கம்பளிச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு, தலைக்குத் தொப்பி, நெற்றியில் கட்டும் டார்ச். கிரிகல்பொத்தவுக்கு நல்ல பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம், நீளக் காலுறை இரண்டு சோடி. இந்த உயரத்தில் மூச்சுத்திணறல் பயம் வேண்டாம். குளிரும் ஈரமும்தான் ஆளை வீழ்த்தும்.

சிவனொளிபாதமலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. படியில் நேராக இறங்காமல் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள், வெள்ளியங்கிரிக் கம்பு போல் ஒரு தடி இருந்தால் நல்லது. எட்டு எட்டரைக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் அடிவாரம். வழியில் சீத்தகங்குல ஓடை வரும். எல்லோரும் அங்கே முகம் கழுவிக் காலை நனைப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும், பரவாயில்லை, முழங்கால் வரை இறக்கிப் பத்து நிமிடம் நில்லுங்கள். அப்புறம் நல்லதண்ணிக் கடையில் சூடாக ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறலாம். பருவ காலத்தில் அந்த பஸ் அடிக்கடி ஓடும். இடது பக்க ஜன்னல், வலது பக்க ஜன்னல் எதில் உட்கார்ந்தாலும் வளைவுக்கு வளைவு மலை திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.